டயக்னோசிஸ் வரியில் ஏன் இத்தனை கஞ்சத்தனம்?

ஆந்திர எல்லையில் எங்கள் நகரி, புத்தூர் பக்கம் எலும்பு என்று பேச்சு எடுத்தாலே முதலில் வாயில் வருவது புத்தூர் கட்டுதான். பச்சிலை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற அந்த வைத்தியத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் வயிற்றில் இருக்கும்போதே முதுகெலும்பு கோணலாக உருவான குழந்தைக்கு அங்கே கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இது தெரிந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பும் காகிதமும், அதில் என்ன நோய் என்று எழுதுகிற டயக்னோசிஸ் வரியும்தான் என் பிரச்சினை.

என் பிழைப்பு மெடிக்கல் கோடிங். ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி, சென்னையில் உட்கார்ந்து, அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டை, அதாவது டாக்டர் எழுதிய மருத்துவக் குறிப்பைப் படித்து, ஐசிடி-10 என்ற உலக நோய்ப் பட்டியலிலிருந்து அந்த நோய்க்கான குறியீட்டு எண்ணை, அதாவது கோடைப் போடுகிறேன். அமெரிக்காவில் 2015 அக்டோபர் 1 முதல் இதுதான் நடைமுறை. முதல் வாரத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுகிற விதி, டாக்டர் எழுதாததைக் கோடர் ஊகித்து எழுதக்கூடாது என்பது. சந்தேகம் வந்தால் டாக்டருக்கு க்வெரி, அதாவது விளக்கம் கேட்டு ஒரு கேள்வி அனுப்ப வேண்டும், பதில் வரும்வரை சார்ட்டை நிறுத்தி வைக்க வேண்டும்.

போன மாதம் எங்கள் தெருவில் தறி ஓட்டுகிற ஒரு அம்மா, "இதக் கொஞ்சம் பாருங்கக்கா" என்று மகளின் டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டினார். டயக்னோசிஸ் என்ற இடத்தில் 'ஸ்கோலியோசிஸ்', அதாவது முதுகு வளைவு என்று ஒரே சொல். பக்கத்தில் எம்41.9 என்ற கோடு. அதே காகிதக் கட்டுக்குள் ஸ்கேன் ரிப்போர்ட்டும் இருந்தது. இடுப்புப் பக்கம் முதல் முள்ளெலும்பு பாதிதான் உருவாகியிருக்கிறது, ஹெமிவெர்டிப்ரா என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே ஆஸ்பத்திரியின் காகிதம்!

எம்41 என்பது பிறவிக் கோளாறு அல்லாத முதுகு வளைவுக்கான இடம். பிறவி வளைவை இங்கே போடாதே என்று அந்தத் தலைப்பின் கீழேயே குறிப்பு இருக்கிறது. பிறவிக் குறைபாடுகளுக்கு க்யூ என்று தனி அத்தியாயம். எலும்பே குறையாக உருவாகி அதனால் வளைந்தால் க்யூ76.3. பாதி எலும்பு இருந்தும் வளைவு இல்லையென்றால் க்யூ76.4. எலும்பில் குறையில்லை, பிறக்கும்போதே வளைந்திருந்தது என்றால் க்யூ67.5. இந்த மூன்றில் எது என்று முடிவு செய்ய டாக்டரின் ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால் எம்41.9. அந்த ஒன்பதுக்கு 'விவரம் இல்லை' என்று பொருள்.

"எக்ஸ்ரே பார்த்தால் அடுத்த டாக்டருக்குத் தெரிந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். நல்ல முதுகெலும்பு டாக்டருக்குத் தெரியும். எக்ஸ்ரே பார்க்காத ஆட்கள்தான் இந்தக் காகிதத்தை அதிகம் பார்க்கிறார்கள். இன்சூரன்ஸ் டெஸ்க், ஊனமுற்றோர் சான்றிதழ் முகாமில் விண்ணப்பம் வாங்குகிறவர், காய்ச்சலுக்குப் பார்க்கும் உள்ளூர் டாக்டர். முதுகெலும்பு உருவாகும் அதே வாரங்களில்தான் சிறுநீரகமும் இதயமும் உருவாகின்றன. அதனால் பிறவி வளைவு என்றால் சிறுநீரக ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, தண்டுவடத்துக்கு எம்ஆர்ஐ என்று பார்ப்பது வழக்கம். வெறும் 'ஸ்கோலியோசிஸ்' என்ற சொல் அதை யாருக்கும் ஞாபகப்படுத்தாது. பெல்ட் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லவும் ஆள் இருக்கிறது. பாதி எலும்பால் வரும் வளைவைப் பெல்ட் பெரும்பாலும் நிறுத்துவதில்லை.

முதுகெலும்பு முழுதாக மூடாமல் பிறக்கிற ஸ்பைனா பைஃபிடா விஷயத்தில் இந்தக் கஞ்சத்தனம் வேறு மாதிரி கடிக்கும். க்யூ05-இல் கழுத்தா, மார்பா, இடுப்பா, அதற்கும் கீழா, தலையில் நீர் கோர்த்திருக்கிறதா இல்லையா என்று பத்துக் கிளைகள். தோல் மூடி, எலும்பில் மட்டும் சின்ன இடைவெளி இருக்கிற 'அக்கல்டா' வகைக்கு க்யூ76.0. அது எத்தனையோ பேருக்கு இருக்கிறது, பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தருவதில்லை. இடுப்பு வலி என்று எக்ஸ்ரே எடுக்கப் போன இளைஞனுக்கு அந்த 'அக்கல்டா'வை விட்டுவிட்டு எழுதினால், கோடு நேராக க்யூ05-க்குப் போய்விடும். திறந்த முதுகோடு பிறந்த குழந்தையும் இவனும் ஒரே கணக்கில்! 2013-இல் தொடங்கிய பள்ளி, அங்கன்வாடி குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் முதலில் நிற்பதே ஸ்பைனா பைஃபிடா போன்ற நரம்புக்குழாய்க் குறைபாடுதான். அதைத் தடுக்கத்தான் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிடச் சொல்கிறார்கள். எண்ணிக்கையே குளறுபடி என்றால் அந்த மாத்திரை வேலை செய்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

டாக்டருக்கு நேரம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அரசு ஓபி வரிசையைப் பார்த்தவள்தான் நானும். என் கோபம் நிர்வாகத்தின் மேல். கோடு போடுகிற வேலையைப் பில்லிங் கவுண்டர் பையனிடம் தள்ளிவிடுகிறார்கள். அவன் கம்ப்யூட்டரில் விரியும் டிராப்டவுன் பட்டியலில் முதலில் வருவதைத் தட்டுகிறான். டாக்டரிடம் திரும்பிக் கேட்கிற வழியே அங்கே கிடையாது. அமெரிக்கக்காரனுக்கு ராத்திரி முழுக்க க்வெரி அனுப்புகிற ஊரில், நம் குழந்தைக்கு ஒரு க்வெரி அனுப்ப ஆள் இல்லை.

எல்லையில் இருக்கிற எங்களுக்கு இது கூடுதல் தலைவலி. இன்சூரன்ஸ் அட்டை ஆந்திராவுடையது, ஆபரேஷன் வேலூரிலோ சென்னையிலோ, ரிவ்யூ திருப்பதியில். கவுண்டரில் தமிழ், மாடியில் தெலுங்கு. கோடு மட்டும்தான் எல்லா இடத்திலும் ஒன்று. அதையும் தப்பாகப் போட்டால்?

ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும்போது கட்டில் பக்கத்திலேயே கேளுங்கள். பிறவிக் கோளாறா, எந்த எலும்பு, தலையில் நீர் உண்டா, ஆபரேஷன் ஆனதா, இதெல்லாம் டயக்னோசிஸ் வரியிலேயே வரட்டும். வயசாகிவிட்டது, இனிமேல் பிறவிக் கோடு போட மாட்டோம் என்று சிலர் சொல்வார்கள். கோளாறு இருக்கும்வரை எந்த வயதிலும் போடலாம், விதியே அப்படித்தான்.

அந்த அம்மா திரும்பிப் போய்க் கேட்டார். சிஸ்டத்தில் மூடியாகிவிட்டது, மாற்ற முடியாது என்று கவுண்டரில் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரே சம்மரியின் கீழே கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார். சிறுநீரக ஸ்கேனுக்கும் சீட்டு எழுதினார். சிஸ்டத்தில் இன்னும் எம்41.9-தான். அடுத்த ரிவ்யூவில் மறுபடி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.