'ஏழடி டிரெய்லர் எந்தக் குதிரைக்கும் போதும்' என்பது தவறு

கோலாலம்பூர் குதிரை வளர்ப்போரின் புலனக் குழுக்களில் குதிரைகளை ஏற்றிச் செல்லும் இழுவண்டியான டிரெய்லர் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: "ஏழடி உயர டிரெய்லர் எந்தக் குதிரைக்கும் போதும், இடம் நெருக்கமாக இருந்தால்தான் குதிரை சாயாமல் நிற்கும்." இரண்டுமே தவறு.

குதிரையின் உயரத்தை, கழுத்தும் முதுகும் சேரும் தோள்மேட்டில்தான் அளக்கிறோம், தலையில் அல்ல. 17 கை (ஒரு கை என்பது 4 அங்குலம்) உயரக் குதிரை என்றால் தோளே சுமார் 173 செ.மீ. ஏழடி என்பது 213 செ.மீ.தான். மிரண்டு தலையைத் தூக்கினால் கூரையில் இடிக்கும். இந்த அளவுக் குதிரைக்கு உள்ளுயரம் ஏழரை அடியாவது வேண்டும். விற்பவர் சொல்வது வெளி உயரமாகவும் இருக்கலாம். ரப்பர் விரிப்பிலிருந்து கூரையின் குறுக்குச் சட்டத்தின் அடிப்பகுதி வரை நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள். வாசல் உயரம் இன்னும் குறைவாக இருக்கும்.

அடுத்தது நெருக்கம். வளைவிலும் பிரேக்கிலும் குதிரை கால்களை அகட்டித்தான் சமாளிக்கிறது. இரண்டு குதிரைகளுக்கு இடையிலுள்ள நடுத்தடுப்பு தரைவரை இறங்கினால் அகட்ட வழியில்லை. சுவரில் உதைத்துத் தடுமாறும். கீழ்ப்பாதி திறந்த தடுப்பே நல்லது. இந்த அளவுக் குதிரைகள் இரண்டை ஏற்றும் டிரெய்லரில் உள்ளகலம் ஆறரை அடியாவது இருப்பது நல்லது.

முன்பக்க நீளத்தை, அதாவது குதிரை தலையைத் தாழ்த்த முன்னால் உள்ள இடத்தை, பலர் கவனிப்பதே இல்லை. தலையைத் தாழ்த்தி இருமினால்தான் தூசியும் சளியும் வெளியேறும். அப்படித் தாழ்த்த முடியாதபடி கயிற்றைக் குட்டையாகக் கட்டி நெடுந்தூரம் ஓட்டினால் நுரையீரல் தொற்று வரலாம். ஈப்போ போன்ற தொலைவான ஊருக்குப் போவதானால், வழியில் நிறுத்தித் தலையைத் தாழ்த்தவிடுங்கள்.