பொட்டு வைத்த செல்

நேற்று ஆபீஸ் ஸ்டோரிலிருந்து எனக்கு இரண்டு பென்சில் செல் வந்தது. இன்டென்ட் எழுதி, மூன்று கையெழுத்து வாங்கி, பதினெட்டு நாள் காத்திருந்து வந்த செல். அதில் ஒன்றின் தலையில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு.

அந்தப் பொட்டை வைத்தது என் வீட்டுக்காரி.

எங்கள் வீட்டில் செத்த செல்லுக்குப் பொட்டு வைத்துவிடுவது வழக்கம். இல்லாவிட்டால் பிள்ளைகள் மறுபடி ரிமோட்டில் போட்டுவிட்டு டிவி கெட்டுப்போச்சு என்று ஊரைக் கூட்டுவார்கள். அப்படிச் சேர்ந்த பதினோரு செல்லையும் ஒரு பையில் போட்டு, காட்பாடியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துச் சுமந்து வந்து, ஆபீஸ் மாடிப்படி ஓரத்தில் செத்த செல் போடுவதற்கென்று இருக்கும் அந்தப் பச்சை டப்பாவில் போட்டவன் நான்தான். டப்பா எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம், உங்கள் ஆபீசிலும் ஒன்று நிற்கும். உள்ளே நான்கு செல், மேலே எட்டு டீ கப், ஒரு பஜ்ஜி பேப்பர்.

போடுவதாவது சும்மா நடந்ததா? டப்பாவின் வாய் பென்சில் செல் மட்டும் நுழையும் அளவு. டார்ச் செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், போகவில்லை. மூடியைத் திறக்கலாம் என்றால் பூட்டு. சாவி வைத்திருப்பவர் மெடிக்கல் லீவ். "மேல வெச்சிட்டுப் போங்க சார், நான் பாத்துக்கிறேன்" என்றார் ஸ்டோர்க்காரர். கேமராவின் வட்ட செல் ஒன்றும் இருந்தது. லித்தியம் செல் ஒன்றோடொன்று உரசினால் சூடேறித் தீப்பிடிக்கும் என்று அதன் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ செய்வினைத் தகடு கொண்டுவந்தவனைப் பார்ப்பது போல. கடைசியில் ரிஜிஸ்டரில் கையெழுத்து. "வீட்டு செல்லா, ஆபீஸ் செல்லா?" என்று கேள்வி வேறு. செத்ததற்கு அப்புறம் வீடு என்ன ஆபீஸ் என்ன?

அந்த வீட்டு செல்தான் இப்போது ஆபீஸ் செல்லாகிப் பதவி உயர்வில் என் மேஜைக்கு வந்திருக்கிறது.

சரி, பொட்டை விடுங்கள், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று சுவர்க் கடிகாரத்தில் போட்டேன். வினாடி முள் ஒன்பதுக்குப் பக்கத்தில் ஏற முடியாமல் விசுக் விசுக்கென்று அதே இடத்தில் துடிக்கிறது. டார்ச்சில் செத்த செல் கடிகாரத்தில் கொஞ்ச நாள் ஓடும், அது எனக்கும் தெரியும். ஆனால் இது என் வீட்டுக் கடிகாரத்திலேயே உயிரை விட்ட செல்!

2022 ஆகஸ்டில் மத்திய அரசு பேட்டரிக் கழிவுக்குப் புது விதி போட்டது. 2001-இல் வந்த பழைய விதி ஈய பேட்டரியோடு நின்றுவிட்டது. புதியது பட்டன் செல்லிலிருந்து மின்சார வண்டி பேட்டரி வரை ஒன்றையும் விடவில்லை. தயாரித்தவர் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும், குப்பைமேட்டில் புதைக்கவோ எரிக்கவோ கூடாது, உபயோகித்தவர் மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். நான் தனியாகத்தானே கொடுத்தேன்?

இதே ஆபீசில் யுபிஎஸ் பேட்டரி செத்துப் பார்க்கட்டும். ஈயத்துக்குக் காசு இருக்கிறது. பட்டியல், கண்டெம், ஏலம் என்று ராஜ மரியாதையோடு போய்ச் சேரும். பென்சில் செல்லில் துத்தநாகமும் மாங்கனீசும்தான். எடைக்குப் போட்டால் காயலான் கடைக்காரர் நம்மைத்தான் முறைப்பார். அதனால்தான் அதற்கு பஜ்ஜி பேப்பர் துணை. பாலாற்றில் தோல் கழிவு கலந்த வழக்கில், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது நம் வேலூர் பெயரில் போட்ட வழக்கில்தான். சட்டம் படிக்கிற பிள்ளைகள் நம்மூர் பெயரை மனப்பாடம் செய்கிறார்கள். நம்மூரில் ஒரு டப்பாவின் சாவி மெடிக்கல் லீவில் இருக்கிறது.

செல்லை எடுத்துக்கொண்டு நேரே ஸ்டோருக்குப் போனேன். பொட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை.

"இன்னா சார் நீ. டப்பா மேல இன்னா எழுதிக்கிது? மறுசுழற்சின்னு தானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார். கப்பை எதில் போட்டோம் என்று கேட்காதீர்கள்.

ஆனால் ஒன்று. இந்த ஆபீசில் எல்லாக் கடிகாரமும் நிற்கும், கைரேகை வைக்கிற மெஷின் மட்டும் ஒரு நாளும் நிற்காது. மேம்பாலத்தில் பஸ் நின்றதால் இன்று 10.07. அந்த பஸ்ஸில் கண்டக்டர் மீதி மூன்று ரூபாயை இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார். இப்போதுதான் ஞாபகம் வருகிறது.