வாசிக்காதபோதுதான் சத்தம்

கிட்டாரின் சத்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரசர் பெடலைக் காலால் ஆன் செய்துவிட்டு, கிட்டாரைத் தொடாமல் சும்மா நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் மெதுவாக மேலேறி வரும், கூடவே கம்பி அதிர்வைப் பிடிக்கும் சிங்கிள் காயில் பிக்கப்பின் உறுமலும். அது கோளாறு இல்லை, பெடலின் வேலையே அதுதான். பலமாக அடித்ததை அமுக்கி மெலிதானதைத் தூக்கிவிடும், சுரம் அடங்கிய பிறகு மிச்சம் இருப்பது வெறும் இரைச்சல் என்றால் அதையும் சேர்த்தே தூக்கும். ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் பெடலுக்குப் பின்னால் இருந்த கம்ப்ரசரை முன்னால் மாற்றினேன், தனி 9 வோல்ட் அடாப்டர் வாங்கினேன், ஒத்திகை அறையின் டியூப்லைட்டைக்கூட அணைத்தேன். குறைந்தது, போகவில்லை.

சரி, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தாங்க முடியாதது குமிழ்களின் பெயர்கள்தான். ஒரு பெடலில் சஸ்டெய்ன், இன்னொன்றில் சென்சிடிவிட்டி, வேறொன்றில் வெறும் காம்ப், மூன்றும் ஏறக்குறைய ஒரே வேலை, எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதை மாற்றுவது. ஸ்டுடியோ கம்ப்ரசரில் எந்த அளவுக்கு மேல் அமுக்க வேண்டும் என்பதற்கு த்ரெஷோல்ட், எந்த விகிதத்தில் என்பதற்கு ரேஷியோ என்று தெளிவாக இருக்கும், எத்தனை டெசிபல் அமுக்குகிறது என்று மீட்டர் காட்டும். என் பெடலில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு, அது ஆன் என்று மட்டும் சொல்கிறது. எவ்வளவு அமுக்குகிறது என்பதைக் காதால்தான் பிடிக்க வேண்டும், டிரம்ஸ் பக்கத்திலேயே முழங்கும்போது அதை எப்படிக் கேட்பது? போன வாரம் சஸ்டெய்னைக் கூடுதலாகத் திருப்பிவிட்டு, அடியின் கூர்மை முழுக்கச் செத்துப்போனதே தெரியாமல் இரண்டு மணி நேரம் வாசித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து பதிவைக் கேட்டபோது அழுகையே வந்துவிட்டது. ஒரு சின்ன மீட்டர் வைக்க அவ்வளவு இடமா வேண்டும்?