சாம்போவும் அப்பாவின் சின்னக் கருப்பனும்

அம்மா வீட்டுப் பீரோவை ஒழித்தபோது அந்தப் புத்தகம் கிடைத்தது. அட்டை போய், தையல் விட்டு, கையடக்கமாக. ஹெலன் பேனர்மேன் எழுதி வரைந்த ‘தி ஸ்டோரி ஆஃப் லிட்டில் பிளாக் சாம்போ’. எனக்கு ஆறு வயதில், பழைய பேப்பர் கடையிலிருந்து அப்பா எடுத்து வந்தது. முப்பத்தைந்து வருஷம் கழித்துத் தரையில் உட்கார்ந்தபடியே படித்து முடித்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதன்பின் இரண்டு நாள் வேறெதிலும் மனசு ஓடவில்லை.

கதை இதுதான். சிவப்புக் கோட்டு, நீலக் கால்சட்டை, பச்சைக் குடை, ஊதா நிற ஷூ எல்லாம் புதுசாகப் போட்டுக்கொண்டு ஒரு பையன் காட்டுக்குள் போகிறான். புலிகள் ஒவ்வொன்றாக வந்து மறிக்கின்றன. என்னைத் தின்னாதே, இதை வைத்துக்கொள் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தப்பிக்கிறான். மூன்றாவது புலி கேட்கிறது: எனக்கு நாலு கால், உன்னிடம் இருப்பதோ ரெண்டு ஷூ, அதை வைத்து நான் என்ன செய்ய? காதில் மாட்டிக்கொள் என்கிறான் பையன். குடையை எப்படிப் பிடிப்பது என்று அடுத்த புலி கேட்டால், வாலில் முடிச்சுப் போட்டுப் பிடி என்கிறான். கடைசியில் காட்டிலேயே யார் பெரிய ஆள் என்று புலிகளுக்குள் சண்டை. ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, அப்படியே உருகி நெய்யாகிவிடுகின்றன. பையனின் அப்பா அதைப் பித்தளைப் பானையில் அள்ளி வருகிறார். அம்மா அதில் பான்கேக் சுடுகிறார், குட்டிப் புலிகள் மாதிரி மஞ்சளும் பழுப்புமாக. தின்றது அம்மா 27, அப்பா 55, பையன் 169!

எங்கள் வீட்டில் அது 169 தோசை. அப்பா ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில்தான் சொல்வார். பையனின் பெயர் அவர் வாயில் ‘சின்னக் கருப்பன்’. என் தாத்தா பெயர் கருப்பையா, குலதெய்வம் கருப்பசாமி. என் காதுக்கு அது எங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயர். ரெண்டாங்கிளாஸில் ஆசையாகப் புத்தகத்தைப் பள்ளிக்கூடம் எடுத்துப் போனேன். கூடப் படித்த பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து எட்டாங்கிளாஸ் வரை நான் ‘சாம்போ’. ஒரு டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதே அப்படிக் கூப்பிட்டார். நானும் “பிரசென்ட் மிஸ்” என்றேன். அந்த “பிரசென்ட் மிஸ்” இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது.

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1932-லேயே இந்தப் புத்தகத்தைக் கண்டித்திருக்கிறார். வெள்ளைக் குழந்தைக்கு இது வேடிக்கை, ஏற்கெனவே காயப்பட்ட குழந்தைக்கு இன்னொரு சுடுசொல் என்பது அவர் சொன்னதன் சாரம். படித்ததும் அழுதுவிட்டேன்.

பேனர்மேனுக்காகப் பேசுபவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. அவர் ஸ்காட்லாந்துக்காரர். கணவர் இந்திய மருத்துவப் பணியில் டாக்டர். சென்னையிலும் பம்பாயிலுமாக முப்பது வருஷம் போல இந்தியாவில் இருந்தவர். நீண்ட ரயில் பயணம் ஒன்றில் தன் இரண்டு மகள்களுக்காக இந்தக் கதையைக் கட்டினார். 1899-ல் லண்டனில் வெளிவந்தது. உரிமை வெறும் 5 பவுண்டுக்குக் கைமாறியதால், அமெரிக்காவில் கண்டவர்களும் கறுப்பின மக்களைக் கேலிசெய்யும் படங்களோடு அச்சடித்தபோது அவரால் தடுக்க முடியவில்லை. அந்தப் பழியை முழுக்க அவர்மேல் போட எனக்கு மனசில்லை.

ஆனால் “இது நல்லெண்ணத்தில் எழுதியது” என்று முடித்துக்கொள்ளவும் விடமாட்டேன். அவரே வரைந்த படங்களிலும் உருட்டிய கண்ணும் தடித்த உதடும்தான். ‘சாம்போ’ அதற்கு முன்பே கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் பெயர். கறுப்புக் குழந்தைகள் மலிந்த, புலிகள் அன்றாடம் தென்படும் நாடு என்று முதல் பதிப்பின் முன்னுரை இந்தியாவைச் சொல்கிறது. நம் பிள்ளைகளும் புலிகளும் ஒரே வரியில், ஊர்க் காட்சியாக. நெய் நம்முடையது, பித்தளைப் பானை நம்முடையது. அந்தப் பையனும் நம் பையன்தான்.

பெயரை மாற்றினால் கதை செத்துவிடும் என்று வாதாடுபவர்கள் 1996-ல் ஃபிரெட் மார்செல்லினோ கொண்டுவந்த பதிப்பைப் பார்க்க வேண்டும். பேனர்மேனின் வாசகத்தை வைத்துக்கொண்டு பையனைப் பாபாஜி ஆக்கி, இந்தியச் சாயலில் புதுப் படங்கள் வரைந்தார். புலிகள் அங்கேயும் உருகத்தான் செய்கின்றன. பழைய பதிப்பு நூலகத்தில் பெரியவர்கள் எடுத்துப் படிக்கிற அலமாரியில் இருக்கட்டும். ஆறு வயதுக் குழந்தையின் மடியில் வேண்டாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். என்னை ‘சாம்போ’ என்று கூப்பிட்டது வெள்ளைக்காரர்கள் இல்லை. கருப்பசாமிக்குப் பொங்கல் வைக்கிற வீட்டுப் பிள்ளைகள். எனக்கு வரன் பார்த்தபோது தரகர் “மாநிறம்னே போட்டுக்குவோம்மா” என்றார். கறுப்பு சாமியிடம் இருந்தால் கும்பிடுகிறோம், பெண்ணிடம் இருந்தால் மறைக்கிறோம்.

நேற்று ராத்திரி என் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். புத்தகத்தைத் திறக்கவில்லை, அப்பா சொன்ன மாதிரியே வாய்க்கதையாக.

“பையன் பேரு என்னம்மா?”

“சின்னக் கருப்பன்.”

“கொள்ளுத் தாத்தா பேரு மாதிரியா?”

“ஆமாடா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, “புலி ஓடும்போது ஷூ கீழே விழுந்துடாதா?” என்று கேட்டாள்.