சிவப்பு லைட் எரிந்தால் சென்சார் பிளக்கைக் கழற்றலாமா?

"டெம்பரேச்சர் லைட் எரிஞ்சா இன்ஜினுக்கு ஒண்ணும் இல்ல, சென்சார்தான் போச்சு, பிளக்கைக் கழற்றிட்டு ஓட்டுங்க, மைலேஜும் கூடும்." நம்ம மாவட்ட வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் இந்த யோசனை தவறு. லைட் அணையலாம், கொதிக்கிற இன்ஜின் ஆறாது.

கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் திரவம்) சூட்டை அளக்கும் சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சின்னப் பொருள். பிளக்கைக் கழற்றினால் மின்தடை எல்லையில்லாமல் போகும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூ அதை மைனஸ் 40 டிகிரி என்று படிக்கும். நாகர்கோவிலில் மைனஸ் 40! பல கார்களில் பி0118 என்ற பழுதுக் குறியீடு பதிவாகும், பாதுகாப்புக்காக ஃபேன் நிற்காமல் ஓடும், பெட்ரோல் கூடுதலாகப் பாயும். மைலேஜ் குறையத்தான் செய்யும்.

சென்சாரைச் சந்தேகித்தால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில், இசியூவில் உள்ள அளவுகளைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 26, மற்றது 70 என்றால் சென்சாரையோ வயரையோ பார்க்கலாம். பிளக் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள்; கடலோரத்து வண்டிகளில் துரு சீக்கிரம் பிடிக்கும்.

மார்த்தாண்டம் நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறி, ஆரல்வாய்மொழி ரோட்டில் ஓடும்போது இறங்கினால் ஃபேன் மேல்தான் என் முதல் சந்தேகம். கூலன்ட் வடிந்து சென்சார் வெறும் காற்றில் நின்றால் முள் நார்மல் காட்டியும் ஏமாற்றும்.

லைட் எரிந்தால் ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.