ஈசிஆர் மறியலும் ‘எங்க வரிப்பணமும்’

அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கடல் அரிப்பில் வீடு போகிறது, தடுப்புக் கல் கொட்டுங்கள் என்று ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வெயிலில் நடுரோட்டில் உட்கார்ந்திருக்கும் மீனவக் குப்பத்துப் பெண்களைப் பார்த்து, கார் கண்ணாடியை இறக்கிவிட்டு ஒருவர் கத்துகிறாரே, “எங்க வரிப்பணத்துல உங்களுக்கு இன்னும் எவ்ளோ கல்லுதான் கொட்டுறது?” என்று, அதுதான். எதுவும் எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதன் கீழே என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களே, நன்றாகப் படித்தவர்கள், “சொன்ன விதம் தப்பு, சொன்ன விஷயம் சரி” என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு இதயம் வேறு போட்டிருக்கிறார்கள்.

சரி. விதத்தை விட்டுவிடுவோம், விஷயத்தையே பேசுவோம்.

அவர் அன்றைக்குப் போய்க்கொண்டிருந்தது பாண்டிச்சேரிக்கு. சாயங்காலம் ராக் பீச்சில் குழந்தைகளை மணலில் விளையாட விட்டிருப்பார். அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று யாராவது அவருக்குச் சொன்னார்களா? 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கல் சுவர்கள் நீட்டினார்கள். நம் கிழக்குக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான். சுவர் வந்ததும் மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. வடக்கே இருந்த நகரக் கடற்கரை கரைந்தது. காந்தி சிலைக்கு முன்னால் மணல் போய்க் கருங்கல் வந்தது. ஒரு தலைமுறையே அதை ‘ராக் பீச்’ என்று பெயர் வைத்து ரசித்தது.

அப்புறம் 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இரும்பால் ஆன ஒரு செயற்கைத் திட்டை இறக்கியது. துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் அங்கே கொட்டினார்கள். மணல் திரும்பி வந்தது. நல்ல வேலை, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அதுவும் வரிப்பணம்தான். அதற்காக யாரும் கார் கண்ணாடியை இறக்கிக் கத்தவில்லை, கவனித்தீர்களா?

நகரத்துக்கு முன்னால் கல் கொட்டியதும் அரிப்பு நின்றுவிடவில்லை, வடக்கே நடந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர். எல்லை தாண்டினால் தமிழ்நாடு: தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். எங்கெல்லாம் சத்தம் அதிகமானதோ அங்கெல்லாம் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு. ஒரு வளைவு தனக்குத் தெற்கே மணலைப் பிடித்துக்கொள்ளும், வடக்கே இருப்பவனைப் பட்டினி போடும். அடுத்த ஊர்க்காரன் ரோட்டில் உட்காருவான். அவனுக்கும் ஒன்று கட்டுவார்கள். இப்படியே கல் வடக்கே போய்க்கொண்டிருக்கிறது, மணல் போகவில்லை.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். முதல் பணம் மணலை நகர்த்துவதற்குப் போகவேண்டும், முதல் மணல் குப்பத்துக்குப் போகவேண்டும். உல்லாசக் கடற்கரை, மூங்கில் குடை, நீலக்கொடி (சுத்தமான கடற்கரைக்குத் தருகிற சர்வதேசச் சான்று) எல்லாம் அதற்கப்புறம். 2021இல் சென்னை பக்கத்துக் கோவளத்துக்கும், பாண்டிச்சேரித் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிற ஈடன் பீச்சுக்கும் நீலக்கொடி கிடைத்தபோது எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். கழிப்பறை சுத்தமாக இருந்தால் யாருக்குக் கசக்கும்? ஆனால் மணல் இருக்கிற இடத்தை அழகுபடுத்தத்தான் முதலில் கோப்பு நகர்கிறது. மணல் போன இடத்துக்கு, பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தால்தான் லாரி வருகிறது. அதிலும் கல் லாரி.

“வருஷா வருஷம் மணலை இறைத்துக் கொட்டுவது கடலில் கரைத்த பெருங்காயம்” என்று ஒரு பொறியாளர் நண்பர் எழுதியிருக்கிறார். ஐயா, துறைமுக வாயிலை வருஷா வருஷம் தூர்வாருவது என்னவாம்? முகத்துவாரம் தூர்ந்து படகு தட்டுகிறது என்று தெற்கே ஒரு போராட்டம். மணல் இல்லை, வீடு விழுகிறது என்று வடக்கே ஒரு போராட்டம். இரண்டுக்கும் காரணம் ஒரே மணல், தெற்கே தேங்குவதை வடக்கே அனுப்ப நடுவில் ஒரு குழாய் இல்லை. துறைமுகம் திட்டமிட்டபோதே மணலை வடக்கே அனுப்பும் ஏற்பாட்டையும் சேர்த்தே சொன்னார்கள். சுவர் கட்டி முடித்தார்கள், மணல் அனுப்புவதைத் தொடர்ந்து செய்யவில்லை. செய்யாமல் மிச்சம் பிடித்த செலவைத்தான் இத்தனை வருஷமாக வடக்கே இருக்கிறவர்கள் ஒவ்வொரு வீடாக இழந்து அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“இரண்டு அரசுகள், நடைமுறைச் சிக்கல்” என்பார்கள். ஆஸ்திரேலியாவில் ட்வீட் என்று ஓர் ஆறு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், எல்லையை ஒட்டிக் கடலில் கலக்கிறது. 1960களில் அதன் வாயில் சுவரை நீட்டினார்கள், வடக்கே குவீன்ஸ்லாந்துக் கடற்கரை காலியானது. நம் கதைதான், ஊர்ப்பெயர் மட்டும் வேறு. இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டு, செலவைப் பகிர்ந்து, 2001இலிருந்து மணலைக் குழாய் வழியாக வடக்கே அனுப்புகின்றன, வருஷத்துக்குச் சுமார் ஐந்து லட்சம் கன மீட்டர். அங்கே அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்காகவும் சுற்றுலாவுக்காகவும் என்று சொல்வீர்கள். ஆமாம். பலகையில் சறுக்குகிறவனுக்குச் செய்யலாம், வலை இழுக்கிறவனுக்குச் செய்யக்கூடாதா?

கடற்கரை என்றால் உங்களுக்குக் காற்று வாங்கும் இடம். குப்பத்துக்கு அது வேலை பார்க்கும் இடம். கரைவலை இழுக்க இரண்டு பக்கமும் ஆள் நின்று நடக்க அகலம் வேண்டும், கல்லின் மேல் நின்று இழுக்க முடியாது. படகை ஏற்றி வைக்க வேண்டும், கருவாடு காய வேண்டும், வலை பிரித்துப் பொத்தல் தைக்க வேண்டும். பிள்ளைகளின் கிரிக்கெட்டும் அங்கேதான், கல்யாணப் பந்தலும் அங்கேதான். மாசி மகத்துக்கு மயிலத்திலிருந்து முருகனே வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். கல் கொட்டினால் வீடு மிஞ்சலாம், பிழைப்பு மிஞ்சாது. அதனால்தான் கல் கேட்டு உட்கார்ந்தவர்களிடமும் நான் “கல் கேட்காதீங்க, மணல் கேளுங்க” என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். “நீ பட்டணத்துல உக்காந்து பேசுவ, ராத்திரி அலை வந்தா யார் வருவா?” என்று ஒரு பெரியம்மா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

என் சித்தப்பா வீடு போன கதை இங்கே பழைய நண்பர்களுக்குத் தெரியும். முதலில் வேலி, அடுத்து தென்னை. வேரெல்லாம் வெளியே தொங்க, காய்த்த மரம் அப்படியே சாய்ந்தது. சமையலறைச் சுவரில் விரிசல் விட்டதும் சித்தப்பா அழவில்லை. ஆள் கூட்டிவந்து நிலையையும் கதவையும் ஜன்னலையும் பெயர்த்து, கோயில் பக்கத்தில் கொண்டுபோய் அடுக்கினார். சித்தி மட்டும் நிலையில் இருந்த மஞ்சள் குங்குமத்தைத் துடைக்கவிடவில்லை. அடுத்த அமாவாசை வெள்ளத்தில் சுவர் போனது. பிறகு கணக்கெடுக்க ஓர் அலுவலகத்திலிருந்து வந்தார்கள். படிவத்தில் ‘வீட்டின் முன் பயனாளி நிற்கும் புகைப்படம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். வீடு இல்லையே சார் என்றால், “இருந்த எடத்துக்கு முன்னாடி நில்லுங்க” என்று சித்தப்பாவைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அடுத்த வருஷமும் வீட்டு வரி கேட்டு வந்தார்கள். கட்டினார். கட்டாவிட்டால் மனை தன்னுடையது என்பதற்கு இருக்கிற கடைசிக் காகிதமும் போய்விடும் என்று பயம். ‘எங்க வரிப்பணம்’ என்று கத்திய அண்ணனுக்கு இதைச் சொல்லவேண்டும். கடலுக்குள் இருக்கிற வீட்டுக்கும் வரி கட்டுகிற ஆள் எங்கள் குடும்பத்தில் உண்டு.

அடுத்தது “காலநிலை மாற்றம், கடல் மட்டம் உயருது, யார் என்ன செய்ய முடியும்” என்கிற தத்துவம். உயருகிறது, மறுக்கவில்லை. ஆனால் சுவருக்குத் தெற்கே மணல் சேருகிறது, வடக்கே மட்டும் போகிறது என்றால் கடல் மட்டம் எல்லைக்கல் பார்த்தா உயருகிறது? சென்னையிலும் இதே கூத்துதான். 1876இல் துறைமுக வேலை தொடங்கிய பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமானது. வடக்கே காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் தேய்ந்து கல்லானது. ஒரே துறைமுகம், தெற்கே சுண்டல், வடக்கே சுவர். தெற்கே பாடகர்கள் வந்து பாடுவார்கள், வடக்கே யார் போகிறோம்?

பணமே இல்லை என்றும் சொல்லாதீர்கள். 15ஆவது நிதிக்குழு 2021-26க்கு அரிப்புத் தடுப்புக்கென்று 1,500 கோடியும், அரிப்பால் வீடிழந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடியும் ஒதுக்கச் சொன்னது. நாடு முழுக்க, ஆற்றரிப்பும் சேர்த்து. குறைவுதான், ஆனால் இருக்கிறது. தமிழ்நாட்டில் நெய்தல் மீட்சி இயக்கம் 2023 பட்ஜெட்டில் 2,000 கோடி என்று அறிவிக்கப்பட்டது, உலக வங்கி உதவியோடு. மத்திய அரசின் கடலோர ஆய்வு மையம் 1990இலிருந்து 2018 வரைக்குமான படங்களை வைத்துப் பார்த்ததில் தமிழ்நாட்டுக் கரையில் 42 சதவீதத்துக்கு மேல் அரிப்பு. எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் செய்ய முடியாது, எனக்கும் தெரியும். அதனால்தான் வரிசையைக் கேட்கிறேன். யார் முதலில்? ஏற்கெனவே மணல் உள்ளவனா, வீட்டு நிலையைப் பெயர்த்துக் கோயிலில் வைத்திருப்பவனா?

கடைசியாக, எல்லோரும் ரொம்ப நாகரிகமாக எழுதுகிற அந்த ‘இடமாற்றம்’. “அவர்களுக்கே நல்லது” என்று. 2004 சுனாமிக்கப்புறம் கட்டிக்கொடுத்த குடியிருப்புகளை ஒருமுறை போய்ப் பாருங்கள். கடலிலிருந்து தள்ளி, படகு கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று அங்கேயே கேளுங்கள். குப்பம் காலியான இடத்தில் அப்புறம் என்ன வரும்? ஈசிஆரில் போகும்போது இடது பக்கம், வலது பக்கம் பார்த்துக்கொண்டே போனாலே தெரியும். அரிப்பு அபாயம் என்று மீனவனை நகரச் சொல்கிற அதே கரையில் ரிசார்ட் மட்டும் எந்தத் தைரியத்தில் கட்டுகிறார்கள்? கடல் ஆள் பார்த்து வருமா?

அன்றைக்கு ரோட்டில் உட்கார்ந்திருந்த பெண்களில் என் சித்தியும் ஒருத்தி. வீடியோவில் பச்சைச் சேலை. அவர் முகத்தை வைத்து மீம் போட்டவர்களில் ஒருவர் என் கல்லூரித் தோழர். இன்னும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நான் கேட்கப் போவதும் இல்லை.

கமெண்டில் வந்து மறுபடி ‘ரீலொகேட்’ என்று எழுதப்போகிறவர்கள், எந்த ஊரில், எத்தனை சென்ட், படகை எங்கே நிறுத்துவது என்பதையும் சேர்த்து எழுதவும். வெறும் ‘ரீலொகேட்’ என்றால் பிளாக்.