கூடையே இல்லாத கடை

எபிக், ஸ்டீம் இரண்டும் கணினி கேம்களை இணையத்தில் விற்கும் கடைகள். கேமை உருவாக்கும் டெவலப்பரிடம் விற்பனையில் எபிக் அதிகபட்சம் 12 சதவீதம்தான் எடுக்கிறது, ஸ்டீம் 30 வரை எடுக்கிறது, அதனால் எபிக் பக்கம் போங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, டெவலப்பருக்கு லாபம். காசு கொடுக்கிற நமக்கு?

2018 டிசம்பரில் திறந்த எபிக் கடையில் ஷாப்பிங் கார்ட் வந்தது 2021 டிசம்பரில். மூன்று வருஷம்! தெருமுனை மளிகைக் கடையில்கூடக் கையில் ஒரு கூடை தருவார்கள். இங்கே ஐந்து கேம் வேண்டுமென்றால் ஐந்து தடவை பணம் கட்ட வேண்டியிருந்தது. 2019 மே மாதத் தள்ளுபடியில் அப்படி அடுத்தடுத்து வாங்கிய சிலரை மோசடிக்காரர்கள் என்று நினைத்துக் கணக்கையே முடக்கிவிட்டது அவர்களின் பாதுகாப்பு அமைப்பு. கூடை கொடுக்காதது யார் தப்பு?

விலையை விடுங்கள், எனக்கு முக்கியம் விமர்சனம். ஸ்டீமில் வாங்கும் முன் நாலு பேர் திட்டியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் முடிவெடுப்பேன். ‘என் லேப்டாப்பில் ஓடவில்லை’ என்று ஒருவர் எழுதிய இரண்டு வரி, டிரெய்லரைவிட உபயோகமானது. எபிக்கில் நட்சத்திர மதிப்பீடு இருக்கிறது. ஏன் அந்த மதிப்பீடு என்று யாரும் எழுதிவைக்க இடமில்லை.

அதற்காக ஸ்டீம் யோக்கியம் என்று சொல்லவில்லை. 2003-ல் தொடங்கியவர்கள், 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும் என்ற விதியை 2015-ல்தான் கொண்டுவந்தார்கள். போட்டி வரட்டும், நல்லதுதான். ஆனால் இலவச கேமை வாராவாரம் அள்ளிக் கொடுக்கிறவர்கள், அதே காசில் கொஞ்சத்தை லாஞ்சர், அதாவது கேம் வாங்கவும் ஆடவும் நாம் திறக்கிற எபிக் செயலி, சீக்கிரம் திறப்பதற்கும் செலவழிக்கலாம் அல்லவா?